உருவம் கசியும், குணம் கசியாது

சாயங்காலம் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் வந்தாள். வந்தவுடன் அடுப்படியில் பிளக் இருக்கும் இடம் பார்த்துப் போனைச் சார்ஜில் போட்டாள். அந்தப் போனுக்கு நாலரை வயது. காலையில் நூறு சதவீதம் காட்டும், மதியச் சாப்பாட்டுக்குள் அணைந்துவிடும். அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. புதுப் போனுக்கான பணம் சேர்ந்தும் மூன்று மாதம் ஆகிவிட்டது. இன்னும் வாங்கவில்லை.

"அடுத்த மாடல் வரட்டும்னு இருக்கேன் சித்தப்பா. படமே வெளியில வந்துடுச்சு, பாருங்க. பேட்டரி பெருசாம், கேமரா புதுசாம், விலையும் ஏறாதாம். இதெல்லாம் உண்மையா பொய்யா, நீங்க சொல்லுங்க."

படத்தை வாங்கிப் பார்த்தேன். அலுமினியத்தில் செய்த மாதிரி உருவம் ஒன்று, யாரோ ஒருவரின் உள்ளங்கையில். திரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு ஸ்டிக்கர்.

"உண்மையா பொய்யான்னு பிறகு பார்ப்போம்மா. முதல்ல இது எங்க பிறந்த செய்தின்னு பார்ப்போம். உட்காரு" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏதோ ஒரு போனுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஒரு போன் மேடையில் அறிமுகமாவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே அதன் வேலை தொடங்கிவிடுகிறது. உள்ளே ஓடும் சிப்பை வடிவமைக்கத்தான் அதிகக் காலம் பிடிக்கும். அந்தக் கட்டத்தில் விஷயம் தெரிந்தவர்கள் மிகச் சிலர், எல்லோரும் ஒரே நிறுவனத்தின் சுவர்களுக்குள் இருப்பவர்கள். பிறகு சோதனைக் கட்டங்கள் வரும். போன் தொழிலில் இருப்பவர்கள் ஈவிடி, டிவிடி, பிவிடி என்று மூன்றாகச் சொல்வார்கள். முதலில் போன் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அடுத்து வடிவமைப்பு தாங்குகிறதா என்று பார்ப்பது. கடைசியில், இதையே லட்சக்கணக்கில் செய்ய அந்தத் தொழிற்சாலை வரிசையால் முடியுமா என்று பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் விஷயம் தெரிந்தவர்கள் பெருகுகிறார்கள். கண்ணாடி வெட்டுபவர், உலோகச் சட்டம் கடைபவர், கேமரா லென்ஸ் தருபவர், அட்டைப்பெட்டி அச்சடிப்பவர் என்று பல நாடுகளில், பல நிறுவனங்களில், ஆயிரக்கணக்கான கைகள்.

கசிவின் இலக்கணம் இங்கேதான் இருக்கிறது. எந்த விவரம் எத்தனை கைகள் வழியாகப் போகிறதோ, அந்த அளவுக்கு அது கசியும். போனின் நீளம், அகலம், கேமரா மேடு இருக்கும் இடம், பொத்தான்கள் இருக்கும் இடம் எல்லாம் சீக்கிரமே முடிவாகிவிடும். அச்சு செய்ய வேண்டுமே. அதனால் அவை முதலில் வெளியே வருகின்றன, பெரும்பாலும் சரியாகவும் இருக்கின்றன. பேக் கவர் செய்பவர்களுக்கு இந்த அளவுகள் உயிர்நாடி. போன் விற்பனைக்கு வரும் நாளில் கவரும் கடையில் தொங்கினால்தான் அவர்களுக்கு வியாபாரம். அதற்காக அளவுகளைத் தேடிப் பிடித்து, மாதிரி உருவங்கள் செய்து வைத்துக்கொள்கிறார்கள். அண்ணன் மகள் காட்டிய படம் அந்த வகை. அதில் உருவத்தை நம்பலாம். உள்ளே இருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது, ஏனென்றால் உள்ளே எதுவும் இல்லை.

விலை இதற்கு நேர்மாறு. விலைக்கு அச்சு தேவையில்லை, உதிரிபாகம் தேவையில்லை. ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் சிலர் கடைசி நேரத்தில்கூட அதை மாற்ற முடியும். 2010 ஜனவரியில் ஆப்பிளின் முதல் ஐபேட் வருவதற்கு முன், ஆயிரம் டாலரை ஒட்டித்தான் விலை இருக்கும் என்று பரவலாகப் பேசினார்கள். 27ஆம் தேதி மேடையில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்த தொடக்க விலை 499 டாலர். அந்தப் பேச்சு அந்த மேடைக்கே உதவியது. ஆயிரத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஐந்நூறு மலிவாகத் தெரிந்தது. ஆகவே, "விலை ஏறாதாம்" என்ற செய்தியைத்தான் கடைசியாக நம்ப வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் இன்னும் சில ஊற்றுகள் உண்டு. ஒன்று அரசு அலுவலகம். அமெரிக்காவில் ரேடியோ அலை வெளியிடும் எந்தக் கருவியும் எஃப்சிசி எனப்படும் தகவல்தொடர்பு ஆணையத்தின் அனுமதி பெற்றே விற்பனைக்கு வர முடியும். இந்தியாவில் செல்போன்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். இந்தப் பதிவுகளில் ஒரு மாடல் எண் தென்பட்டால், போன் ஒன்று வரப்போகிறது என்பது கிட்டத்தட்ட உறுதி. அதற்கு மேல் அந்த எண் அதிகம் பேசாது.

இன்னொன்று பங்குச் சந்தை ஆய்வாளர்கள். தைவானைச் சேர்ந்த மிங்-சி குவோவின் பெயரைப் போன் செய்திகள் படிப்பவர்கள் கேட்டிருப்பார்கள். இப்படிப்பட்டவர்கள் உதிரிபாக நிறுவனங்களுக்கு எந்த ஆர்டர் எவ்வளவு போகிறது என்று விசாரித்து முதலீட்டாளர்களுக்கு எழுதுகிறார்கள். எந்த லென்ஸ் கம்பெனிக்கு வேலை கிடைத்தது, எந்த மாதம் உற்பத்தி கூடும் என்பதில் அவர்கள் சொல் எடை உள்ளது. போன் கையில் எப்படி இருக்கும் என்பது அவர்கள் விசாரிக்கும் கேள்வியே இல்லை.

மூன்றாவது மென்பொருள். 2017 கோடையில், அப்போது இன்னும் விற்பனைக்கு வராத ஹோம்பாட் என்ற தன் ஒலிபெருக்கிக்கான மென்பொருளை ஆப்பிளே முன்கூட்டி வெளியிட்டுவிட்டது. அதைத் துருவிப் பார்த்த நிரலாளர்கள் அதற்குள் ஒரு போனின் சின்னப் படத்தைக் கண்டுபிடித்தார்கள். விளிம்புவரை திரை, மேலே ஒரு வெட்டு. முகம் பார்த்துத் திறக்கும் வசதிக்கான குறிப்புகளும் இருந்தன. செப்டம்பர் 12 அன்று அறிமுகமான ஐபோன் எக்ஸ் அப்படியே இருந்தது. நிறுவனத்தின் கையிலிருந்தே விழுந்த செய்திக்கு இணையான உறுதி வேறு எதற்கும் இல்லை.

டீ கொதித்தது. ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தோம். "அப்ப படம் உண்மைன்னா காத்திருக்கலாம்தானே?" என்றாள். அதற்கு மூன்று கதைகள் சொன்னேன்.

முதல் கதை 2011இல் நடந்தது. அந்த வருடம் முழுக்க ஐபோன் 5 வரப்போகிறது என்று உலகமே பேசியது. பின்புறம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து, கண்ணீர்த்துளிபோல் சரியும் உடல், பெரிய திரை என்று வர்ணனை. சில கவர் தயாரிப்பாளர்கள் அந்த அளவை நம்பிக் கவர்களைச் செய்தே விட்டார்கள். அக்டோபர் 4 அன்று அறிமுகமானது ஐபோன் 4எஸ். அதே பழைய உடல், அதே மூன்றரை அங்குலத் திரை. எத்தனை பேருக்கு ஏமாற்றம்! ஆனால் அந்தப் பழைய உடலுக்குள் வேகமான சிப், 8 மெகாபிக்சல் கேமரா, பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லும் சிரி எல்லாம் புதிதாக இருந்தன. விற்பனைக்கு வந்த முதல் மூன்று நாளில் 40 லட்சத்துக்கு மேல் விற்றதாக ஆப்பிள் அறிவித்தது. அறிமுக நாளில் ஏமாந்தவர்கள் ஏமாந்தது அந்தப் போனால் அல்ல. இல்லாத ஒரு போனை மனத்தில் வைத்துக்கொண்டு, இருக்கும் போனைப் பார்த்தார்கள்.

இரண்டாவது கதை 2014இல் நடந்தது. எனக்கு மிகவும் வலிக்கிற கதையும் இதுதான். ஐபோன் 6இன் திரைக்கு மேல் நீலக்கல் கண்ணாடி வரும் என்று பேசினார்கள். நீலக்கல் என்றால் நகைக்கடை நீலம் இல்லை, உலையில் வளர்க்கும் நிறமற்ற அலுமினியம் ஆக்சைடு படிகம். கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, நீலக்கல் 9. சாவியோடு பையில் கிடந்தாலும் கீறல் விழாத திரை. யார்தான் ஆசைப்படமாட்டார்கள்?

இந்த வதந்திக்கு உறுதியான அடித்தளம் இருந்தது. 2013 நவம்பரில் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு ஆப்பிள் ஒப்பந்தம் செய்துகொண்டது. 57.8 கோடி டாலர் முன்பணம், தவணைகளில். அரிசோனாவின் மேசா நகரில் ஒரு பிரம்மாண்டத் தொழிற்சாலை, அதில் வரிசை வரிசையாக உலைகள். இதெல்லாம் பொதுவெளியில் பதிவான செய்திகள். கேமராவின் மேல் மூடும் சின்ன வில்லையிலும் விரல்ரேகைப் பொத்தானிலும் அப்போதே நீலக்கல் வந்துவிட்டது. இத்தனையும் பார்த்தவர் திரையும் நீலக்கல்லில் வரும் என்று நினைத்ததில் தவறே இல்லை.

ஆனால் படிகம் ஒத்துழைக்கவில்லை. 2,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் உருக்கி, மெதுவாகக் குளிரவைத்து, ஏறக்குறைய ஒரு மாதம் பொறுத்து, இருநூறு கிலோவுக்கும் மேலான ஒரே கட்டியாக எடுக்க வேண்டும். நடுவில் ஒரு விரிசல் விழுந்தாலும் அத்தனை நாள் உழைப்பும் மின்சாரமும் வீண். திரைக்கு ஆகும் தரத்தில், ஆகும் அளவில் அதை எடுக்க முடியவில்லை. செப்டம்பரில் ஐபோன் 6 சாதாரண வலுவூட்டிய கண்ணாடியோடு வந்தது. அக்டோபர் 6 அன்று ஜிடி நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது. மேசாவில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

இதில் பொய் சொன்னது யார்? ஒருவரும் இல்லை. சொன்ன நாளில் அந்தச் செய்தி உண்மை. விற்பனை நாளில் அது இல்லாமல் போய்விட்டது. வரப்போகும் போனைப் பற்றிய செய்தி ஒரு திட்டத்தைப் பற்றிய செய்தி. விதைத்ததைப் பார்த்தவர் விதைத்தார்கள் என்று சொல்லலாம். அறுவடையைச் சொல்ல முடியாது. ஒரு பாகம் சோதனையில் தோற்றால், ஒரு தொழிற்சாலையில் தேறும் எண்ணிக்கை குறைந்தால், திட்டம் ஒரே இரவில் மாறும். சேதி மட்டும் பழைய வடிவிலேயே ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது கதை 2010இல் நடந்தது. போன் கசிவுகளிலேயே பெரிய கசிவு அது. மார்ச் மாதம், கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் ஒரு மதுக்கூடத்தில், இன்னும் அறிவிக்கப்படாத ஐபோன் 4இன் சோதனைப் பிரதி ஒன்றை ஆப்பிள் பொறியாளர் ஒருவர் தவறவிட்டுப் போய்விட்டார். வெளியே தெரியாமல் இருக்க, பழைய 3ஜிஎஸ் மாடல்போல் தோன்றும் உறை ஒன்றை அதற்கு மாட்டியிருந்தார்கள். கிடைத்தவரிடமிருந்து கிஸ்மோடோ இணைய இதழ் 5,000 டாலர் கொடுத்து வாங்கியது. ஏப்ரல் 19 அன்று, பிரித்துப் போட்ட பாகங்களின் படங்களோடு எல்லாவற்றையும் வெளியிட்டது.

ஜூன் 7 அன்று ஜாப்ஸ் மேடையில் அந்தப் போனைக் காட்டியபோது உருவத்தில் ரகசியம் எதுவும் மிச்சமில்லை. கண்ணாடி முதுகு, சுற்றிலும் எஃகுப் பட்டை, அந்தப் பட்டையில் மெல்லிய கறுப்பு வெட்டுகள். எல்லாம் ஏப்ரலிலேயே உலகம் பார்த்தது. ஜூன் கடைசியில் போன் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் சிலர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இடது கீழ்மூலையில் இருக்கும் வெட்டின் மேல் விரலோ உள்ளங்கையோ பட்டால் சிக்னல் கோடுகள் குறைந்தன. அந்த எஃகுப் பட்டைதான் ஆன்டெனா. ஜூலை 16 அன்று ஆப்பிள் தனியாகப் பத்திரிகையாளர் கூட்டம் போட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. வாங்கியவர்களுக்கு உறை இலவசம் என்றும் அறிவித்தது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த வெட்டு எல்லோர் கண்ணிலும் பட்டது. பெரிய படமாக வந்தது. பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கும் அது ஒரு கோடாகத்தான் தெரிந்தது. கையில் பிடித்துப் பேச வேண்டிய ஒரு பொருளை அவர்களில் யாரும் கையில் பிடித்துப் பேசிப் பார்த்திருக்கவில்லை. கசிவின் எல்லை அவ்வளவுதான். உருவத்தை அது கொண்டுவந்துவிடும். குணத்தைக் கொண்டுவராது. சூடாகுமா, பையில் இருக்கும்போது சார்ஜ் குடிக்குமா, இரண்டு வருடம் கழித்து வேகம் குறையுமா, கீழே விழுந்தால் ரிப்பேருக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் பழகினால்தான் தெரியும். நாம் மூன்று நான்கு வருடம் குடித்தனம் நடத்தப்போவது அந்தக் குணத்தோடுதான்.

"அப்படின்னா கம்பெனிங்க ஏன் இவ்வளவு மறைக்கணும்? சொல்லிட்டே செய்யலாமே?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. ஆடம் ஆஸ்போர்ன் 1981இல் கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர் ஒன்றை 1,795 டாலருக்குக் கொண்டுவந்தார். அமோக விற்பனை. 1983இல் அடுத்த மாடல்களைப் பற்றி முன்கூட்டியே பேசத் தொடங்கியதும், இப்போது எதற்கு வாங்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் தள்ளிப்போட்டார்கள் என்பார்கள். அந்தச் செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் புதியதைச் சொல்லிப் பழையதன் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதற்கு இன்றும் ஆஸ்போர்ன் விளைவு என்றே பெயர். 2017 மே மாதம் ஐபோன் விற்பனை சற்று மந்தமானபோது ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் இதையேதான் சொன்னார். வரப்போகும் ஐபோன்களைப் பற்றிய செய்திகள் முன்பைவிடச் சீக்கிரமாகவும் அடிக்கடியும் வருவதால் வாங்குகிறவர்கள் நிறுத்தி வைக்கிறார்கள் என்றார். அண்ணன் மகளைப்போல் கோடிப் பேர் காத்திருந்தால், அது ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் தெரியும்.

எல்லா நிறுவனங்களும் எப்போதும் மறைப்பதில்லை. பிக்சல் 4 போன் பற்றிய கசிவுகள் பெருகியபோது, 2019 ஜூனில் கூகுளே அதன் பின்புறப் படத்தை வெளியிட்டது. அறிமுகத்துக்கு அப்போது நான்கு மாதம் இருந்தது. எப்படியும் பேசப்போகிறார்கள், நம் படத்தை வைத்துப் பேசட்டுமே என்ற கணக்கு.

இந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கும் மனிதர்களையும் மறக்கக் கூடாது. 2017 அக்டோபரில், ஐபோன் எக்ஸ் கடைக்கு வரும் முன், ஆப்பிள் வளாகத்தில் அப்பாவோடு சாப்பிடப் போன ஒரு பெண் அவர் கையிலிருந்த புதுப் போனை வீடியோ எடுத்துப் போட்டார். பொறியாளரான அந்த அப்பாவின் வேலை போனது. நமக்கு ஐந்து நிமிடச் சுவாரசியம், ஒரு வீட்டுக்குச் சம்பளமே போனது.

இந்த வேலைகள் எங்கோ தூரத்தில் மட்டும் நடப்பவை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. ஸ்ரீபெரும்புதூரில், ஆப்பிளுக்காகப் போன் பூட்டித் தரும் ஃபாக்ஸ்கானின் தொழிற்சாலையில் 2019இலிருந்து ஐபோன்கள் தயாராகின்றன. 2023இல் ஐபோன் 15 உலகத்தோடு சேர்ந்து இங்கே விற்பனைக்கு வந்த நாளில், அங்கே பூட்டிய போன்களும் கடைகளில் இருந்தன. அறிமுகத்துக்கு முன்பே அந்தப் போன் நம் ஊர்ப் பெண்களின் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. யாரோ ஒருத்தி ஷிப்ட் முடிந்து விடுதிக்குப் பஸ்ஸில் போகும்போது, பக்கத்து இருக்கையில் யாராவது அதே போனைப் பற்றி ஊகம் பேசியிருக்கலாம். அவள் வாய் திறந்திருக்கமாட்டாள்.

இரண்டாவது டம்ளர் டீ ஊற்றினேன். "அப்ப எதையுமே நம்பக் கூடாதா?" என்றாள், கொஞ்சம் சோர்வாக.

நம்பலாம். ஊரெல்லாம் பேசும் வதந்தியைவிட உறுதியான ஒன்று இருக்கிறது, அதை யாரும் வதந்தி என்று சொல்வதில்லை. அது சட்டம். ஐபோனில் யுஎஸ்பி-சி சார்ஜ் துளை வருமா வராதா என்று வருடக்கணக்காக ஊகித்தார்கள். 2022 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் பொது சார்ஜர் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 கடைசிக்குள் அங்கே விற்கும் போன்களில் யுஎஸ்பி-சி இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகு ஊகத்துக்கு இடமே இல்லை, எப்போது என்பது மட்டும்தான் பாக்கி. 2023 செப்டம்பரில் ஐபோன் 15இல் வந்தது. அதேபோல் 2025 ஜூன் 20இலிருந்து ஐரோப்பாவில் விற்பனைக்கு வரும் புதுப் போன்களின் பேட்டரி, 800 முறை சார்ஜ் ஏறிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும் என்பது விதி. உதிரிபாகங்கள் வருடக்கணக்கில் கிடைக்க வேண்டும் என்பதும் விதி. அங்கே ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி என்று செய்வது நிறுவனங்களுக்கே செலவு. ஆகவே அந்த நன்மையில் பெரும்பகுதி நம் கைக்கும் வரும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, நிறுவனம் தானாகக் கொடுத்த வாக்கு. 2023இல் பிக்சல் 8க்குக் கூகுளும், 2024 ஜனவரியில் கேலக்சி எஸ்24 வரிசைக்குச் சாம்சங்கும் ஏழு வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தருவதாக அறிவித்தன. ஆண்ட்ராய்டு போன் இரண்டு வருடத்தில் கைவிடப்படும் என்று பழகியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! புதுக் கேமரா எப்படி இருக்கும் என்பதைவிட, நான் வாங்கும் போனை எத்தனை வருடம் கவனித்துக்கொள்வார்கள் என்ற கேள்வி என் கணக்கில் மேலானது. அதற்கான பதில் கசிய வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த போனுக்கு ஆசைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். பொருள்கள் நன்றாக வர வேண்டும் என்று ஆசைப்படுவதில் ஒரு நல்லெண்ணம் இருக்கிறது. நீலக்கல் திரைக்கு ஆசைப்பட்டவர்கள் கேட்டதெல்லாம், கீறாத ஒரு பொருள். அது நியாயமான ஆசை. அந்த ஆசையை வைத்து நாளைக் கடத்துவதுதான் நஷ்டம். வரப்போகும் போனில் ஒரு குறிப்பிட்ட வசதி நமக்கு உண்மையிலேயே வேண்டும், சட்டமோ நிறுவனமோ அதை உறுதி செய்திருக்கிறது, அறிமுகத்துக்குச் சில வாரங்கள்தான் இருக்கின்றன என்றால் தாராளமாகக் காத்திருக்கலாம். காத்திருந்தால் இப்போதைய மாடலின் விலை இறங்கவும் வாய்ப்பு உண்டு. இவை எதுவும் இல்லாமல் ஒரு படத்துக்காகக் காத்திருந்தால், அந்தப் போன் வந்ததும் அதற்கு அடுத்த போனின் படம் வந்து நிற்கும்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். நாற்பது சதவீதம் ஏறியிருந்தது. அந்தப் படத்தைத் திரும்பத் திறந்து, விரலால் பெரிதாக்கி, கேமரா மேட்டைச் சுற்றி நிதானமாகப் பார்த்தாள்.

"இதைப் பிடிச்சிருக்கிற கைக்குக்கூட இது சூடாகுமான்னு தெரியாதில்ல சித்தப்பா?"

"தெரியாதும்மா."

சனிக்கிழமை கடைக்கு வரச் சொன்னாள். இப்போது விற்பனையில் இருக்கும் போன்களில் இரண்டை எடுத்துவைத்திருக்கிறாளாம், கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமாம்.